தொண்டை கட்டியவர் தூங்குகிறார்

மனைவி: கண்ணை மூடுங்க! சீக்கிரம் மூடுங்க!

கணவர்: எதுக்குடி? இப்பதான் ஜன்னல் காத்து முகத்துல பட ஆரம்பிச்சுது...

மனைவி: மூடுங்கன்னா மூடுங்களேன்! மப்ளரை மூக்கு வரைக்கும் ஏத்துங்க. தொப்பியை இறக்குங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்...

கணவர்: மூச்சு முட்டுது! கொள்ளையடிக்கப் போறவன் மாதிரி இருக்கு. என்னன்னு சொல்லித் தொலை.

மனைவி: உங்க அதிகாரி இந்தப் பெட்டியில ஏறிட்டாரு.

கணவர்: எந்த அதிகாரி?

மனைவி: ஊர்ப்பட்ட அதிகாரியா இருக்காங்க உங்களுக்கு? ரயில் அறிவிப்புப் பிரிவு அதிகாரி. வழுக்கைத் தலை, தோள்ல தோல் பை.

கணவர்: அய்யய்யோ! காலையில போன் பண்ணி, "தொண்டை கட்டிடுச்சு, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியலை"ன்னு சொன்னியே... அவர்கிட்டயா?

மனைவி: அவர்கிட்டதான். "ஐயோ பாவம், வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க"ன்னு சொன்னாரு.

கணவர்: இரு... அவர் முகம் உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: நம்ம வீட்டு ஹால்ல மாட்டியிருக்கீங்களே போட்டோ, அதுல உங்களுக்குக் கேடயம் குடுக்கறது யாரு? தினமும் அவர் வழுக்கையில தூசி தட்டறது நான்தானே.

கணவர்: போச்சு. எல்லாம் போச்சு. பார்த்துட்டாருன்னா நான் தொலைஞ்சேன். வேற கம்பெனிக்குக் குரல் குடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப பஸ் கம்பெனிக்குப் போய்க் குரலைக் காட்டப் போறேன்னு தெரிஞ்சா, ரயிலும் போச்சு, பஸ்ஸும் போச்சு.

மனைவி: அதனாலதான் சொல்றேன். கடைசி ஸ்டேஷன் வர்ற வரைக்கும் முகத்தைக் காட்டாதீங்க. வாயையும் திறக்காதீங்க. முகத்தையாவது மப்ளரால மூடலாம், அந்தக் குரலை எதைப் போட்டு மூடறது? நீங்க "அம்மா"ன்னு முனகினாக்கூட பெட்டியே திரும்பிப் பார்க்கும்.

ஒலிபெருக்கி: அன்பான பயணிகளே! இறங்குகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். பிறகு ஏறுங்கள். உங்கள் பொறுமை, மற்றவருக்குச் செய்யும் பெருமை. நன்றி.

கணவர்: கேட்டியா? "பொறுமை"யில ஒரு சின்ன இழுப்பு குடுத்திருக்கேன் பாரு. எவனாலயும் முடியாது அது.

மனைவி: கேட்டேன். ஏறும்போது கைத்தடியோட நின்ன பெரியவரை முழங்கையால நீங்க ஒரு இடி இடிச்சதையும் பார்த்தேன்.

கணவர்: அந்த ஆளு நகரவே இல்லை. ஜன்னலோர சீட்டு போயிடும்ல?

மனைவி: இந்த சீட்டு யாருக்குன்னு மேல எழுதியிருக்கு. படிச்சீங்களா?

கணவர்: முதியவர், நோயாளி, கைக்குழந்தையோட வர்றவங்க... நான் பேசிக் குடுத்த வசனம்தானேடி! எனக்கேவா படிச்சுக் காட்டறே? சரி, அதிகாரி எங்க நிக்கறாரு? கண்ணை மூடச் சொல்லிட்டியே, நீதான் சொல்லணும்.

மனைவி: கதவுக்குப் பக்கத்துல. ஒருத்தன் அவர் காலை நல்லா மிதிச்சுட்டுப் போறான். அவர் "பரவாயில்லைங்க"ன்னு சொல்றாரு.

கணவர்: யார்கிட்ட?

மனைவி: மிதிச்சவன் முதுகுகிட்ட. அவன் அதுக்குள்ள போய் உக்காந்தாச்சு. ரெண்டு பேர் சீட்டுல காலை அகட்டி உக்காந்திருக்கான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

கணவர்: அதுக்குத்தான் போன மாசம் புதுசா ஒண்ணு பேசினேன். "இருக்கை ஒருவருக்கு, இரக்கம் எல்லோருக்கும்"னு. எப்படி இருந்துச்சு?

மனைவி: நல்லா இருந்துச்சு. அது ஓடும்போதுதான் நேத்து ஒருத்தன் பக்கத்து சீட்டுல பையை வச்சுட்டு, "ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க"ன்னு எல்லாரையும் துரத்தினான். கடைசி வரைக்கும் ஒரு ஆளும் வரலை.

கணவர்: ஜனங்க திருந்த மாட்டாங்க. மாட்டுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்ச மாதிரிதான்... கிட்ட வர்றாரா?

மனைவி: வர முடியலை. முதுகுப்பை மாட்டின பையன் ஒருத்தன் இந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் ஒருத்தர் மூஞ்சி, அந்தப் பக்கம் திரும்பினா அந்தப் பக்கம் ஒருத்தர் மூஞ்சி. மாவு அரைக்கற மாதிரி சுத்தறான். நடுவுல உங்க அதிகாரி குனிஞ்சு குனிஞ்சு தப்பிச்சுட்டு வர்றாரு.

கணவர்: அடிபட்டு அங்கேயே நிக்கட்டும்.

மனைவி: ஒரு அம்மா போன்ல சத்தமா மருமகளைப் பத்திப் பேசிட்டிருக்காங்க. பெட்டி முழுக்க அந்தப் பொண்ணு எவ்வளவு சோம்பேறின்னு தெரிஞ்சாச்சு. அவர் அதையும் நின்னு கேக்கறாரு.

கணவர்: வேலையே அதானே அவருக்கு! ஜனங்க அறிவிப்பைக் கேக்கறாங்களா, மதிக்கறாங்களான்னு வண்டி வண்டியா ஏறிக் குறிப்பு எடுக்கறாராம். எடுத்து என்ன பண்ணப் போறாரு? என்னைத் தூக்கிட்டு எவளோ ஒருத்தியைப் போடப் போறாராம்.

மனைவி: நிஜமாவே போடப் போறாங்களா?

கணவர்: ஆபீஸ் பூரா அதே பேச்சு. பொம்பளைக் குரல்தான் வேணுமாம். இதமா இருக்குமாம்! எவளாவது புதுசா, மைக்கைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கிறவளா இருப்பா. "நடைமேடை"ன்னு சொல்லச் சொன்னா நாலு தடவை தண்ணி குடிப்பா.

மனைவி: யாருன்னே தெரியாம ஏங்க திட்டறீங்க?

கணவர்: தெரியணுமா? நான் பேசிப் பேசிப் பழக்கின ஜனங்க இவங்க. சொகுசா வந்து உக்காரப் போறா. அதனாலதான் நான் முந்திக்கறேன். அவங்க என்னைத் தூக்கறதுக்கு முன்னாடி பஸ்ஸுல போய் உக்காந்துடணும். நீ எந்த ஸ்டேஷன்ல இறங்கறே?

மனைவி: பெரிய சந்திப்புல. தங்கச்சியைப் பார்க்கணும்னு சொன்னேனே.

கணவர்: வெந்நீர் ஃபிளாஸ்க்கை குடுத்துட்டுப் போ. மறந்து எடுத்துட்டுப் போயிடாதே. உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

மனைவி: உஷ்! வந்துட்டாரு. நேரா நம்ம பக்கம்தான். தலையை ஜன்னல்ல சாய்ங்க. வாயை லேசாத் திறந்துக்குங்க. அப்பதான் தூங்கற மாதிரி இருக்கும்.

கணவர்: நீ பேசாதே. போன்ல உன் குரலைக் கேட்டிருக்காரு. மாசத்துக்கு ஒரு பொய் சொல்லியிருக்கே.

மனைவி: நீங்க சொல்லச் சொன்ன பொய்.

கணவர்: அதை இப்ப கணக்குப் பார்க்காதே! கேட்டா கட்டைக் குரல்ல பேசு. சண்டைக்காரி மாதிரி பேசு. மரியாதையாப் பேசினே, கண்டுபிடிச்சுடுவாரு.

அதிகாரி: அம்மா, கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா இந்தப் பையைக் கீழே... அட! நீங்க...

மனைவி: என்ன நீங்க, நாங்க? கம்பியைப் பிடிச்சு ஒழுங்கா நில்லுங்க சார்! மேல வந்து விழறீங்க!

அதிகாரி: இல்லை, நான்...

மனைவி: என்ன இல்லை? உங்க தோல் பை என் தோளைக் குத்துது. ஆபீஸர் மாதிரி இருக்கீங்க, நிக்கத் தெரியலையே!

அதிகாரி: ...ஓ. சரிங்கம்மா. சரி, சரி. தப்பு என்மேலதான். இதோ தள்ளிக்கிட்டேன்.

மனைவி: தள்ளி நின்னா சரி.

அதிகாரி: உங்களுக்கும் தொண்டை கட்டியிருக்கா? குரல் கரகரன்னு இருக்கே.

மனைவி: எனக்குப் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்.

அதிகாரி: அப்படியா! நல்லது, நல்லது... இவர் உங்க வீட்டுக்காரரா? நல்லாத் தூங்கறாரே.

மனைவி: மருந்து சாப்பிட்டிருக்காரு. தொண்டையில புண்ணு. எழுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

அதிகாரி: ஐயையோ, எழுப்பாதீங்க. இந்தத் தொண்டை வியாதி ஊரெல்லாம் பரவுது போல. எங்க ஆபீஸ்லயும் இன்னிக்கு ஒருத்தர் படுத்துட்டாரு. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியலையாம்.

மனைவி: பாவம்.

அதிகாரி: பாவம்தான். இதுக்கு முன்னாடி அவருக்குக் கண்ணு வலி வந்துச்சு. கண்ணு வலிக்கும் பேசறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கத் தோணுச்சு, மரியாதைக்காக விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை மாமனார் செத்துட்டாரு.

மனைவி: மாமனாரா?

அதிகாரி: ஆமாம்மா. ரெண்டாவது தடவையா.

மனைவி: ...மனுஷனுக்கு எவ்வளவு சோதனை!

அதிகாரி: என்ன, உங்க வீட்டுக்காரர் இருமற மாதிரி இருந்துச்சே?

மனைவி: தூக்கத்துல இருமுவாரு. நீங்க கண்டுக்காதீங்க.

ஒலிபெருக்கி: அன்பான பயணிகளே! முதியோர், நோயுற்றோர், கைக்குழந்தையுடன் வருவோரைக் கண்டால் தயவுசெய்து எழுந்து இடம் கொடுங்கள். எழுந்து நிற்பவரே உயர்ந்து நிற்பவர். நன்றி.

அதிகாரி: இது அவருதான். அந்தத் தொண்டை வியாதிக்காரர்.

மனைவி: ஓஹோ. இவ்வளவு நல்ல குரலா?

அதிகாரி: குரலுக்கு என்ன? தேன்! ஆனா ஜனங்ககிட்ட கேட்டா வேற சொல்றாங்க. "அவர் தயவுசெய்துன்னு சொல்லும்போது எங்களுக்கு ஏய்னுதான் காதுல விழுது"ன்னாரு ஒரு பெரியவர். இன்னொருத்தி, "கேட்டதும் எழுந்திருக்கணும்னு தோணலை சார், வீம்புக்கு உக்காந்திருக்கணும்னுதான் தோணுது"ன்னா.

மனைவி: அப்படியா சொன்னாங்க!

அதிகாரி: நான் நம்பலை முதல்ல. இவ்வளவு வண்டியில ஏறிப் பார்த்ததுக்கு அப்புறம் நம்பறேன். ஏதோ ஒண்ணு பொய்யின்னு ஜனங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது.

குழந்தைக்காரி: கொஞ்சம் வழி விடுங்க... விடுங்கண்ணே... ஏங்க, பை இடிக்குது, குழந்தை தலை! கண்ணு தெரியலையா? அக்கா, இது கைக்குழந்தைக்காரங்க சீட்டுதானே?

மனைவி: ஆமாம்மா.

குழந்தைக்காரி: அப்ப இந்த மப்ளர் மகராஜன் எந்தக் கைக்குழந்தையைப் பெத்தாரு?

மனைவி: அவருக்கு உடம்பு சரியில்லைம்மா. நீ என் இடத்துல உக்காரு.

குழந்தைக்காரி: ஐயோ, நீங்க எதுக்கு அக்கா எழுந்திருக்கறீங்க? இவரை எழுப்புங்க. ஆம்பிளைதானே!

மனைவி: பரவாயில்லை, உக்காரு. எனக்குப் பக்கத்துலதான் இறங்கணும்.

குழந்தைக்காரி: நல்லா இருப்பீங்க அக்கா. ரெண்டு வண்டி விட்டுட்டு இதுல ஏறினேன். முதல் வண்டியில ஒருத்தர், "குழந்தையோட இந்த நேரத்துல ஏன்மா கிளம்பறே?"ன்னு எனக்கு அறிவுரை சொல்றாரு. சீட்டுல உக்காந்துக்கிட்டே! இதுக்கு ஊசி போடற நேரத்தை நானா குறிக்கறேன்?

அதிகாரி: நல்லாக் கேட்டே.

குழந்தைக்காரி: அடுத்த வண்டியில பாதிப் பேர் தூக்கம். நான் ஏறற வரைக்கும் முழிச்சுட்டு இருந்தவங்க சார்! என்னைப் பார்த்ததும் அடுத்தடுத்து கண்ணு சொருகுது. மயக்க மருந்தா கொண்டு வர்றேன் நான்?

மனைவி: இவரு நிஜமாவே தூங்கறாரும்மா.

குழந்தைக்காரி: நம்பறேன் அக்கா. நீங்க சொல்றதால நம்பறேன். நடிக்கறவனா இருந்தா கண்ணு இமை துடிக்கும்.

அதிகாரி: துடிக்குதா?

குழந்தைக்காரி: தொப்பி மறைக்குது சார்... ஏய் குட்டி, மாமா மப்ளரை இழுக்கக் கூடாது. விடு. விடுடா செல்லம்.

மனைவி: குழந்தையை இந்தப் பக்கம் குடேன், நான் தூக்கிக்கறேன்.

குழந்தைக்காரி: வேணாம் அக்கா, நின்னுட்டு எப்படித் தூக்குவீங்க? இவன் கம்பளி நூலைப் பார்த்தா விட மாட்டான். சரி, மேல பேசறாரே ஒருத்தர், அவர் குரல் கேட்டா மட்டும் அழுகையை நிறுத்திடுவான். எங்க வீட்ல அதுக்காகவே போன்ல பதிஞ்சு வச்சிருக்கோம்.

அதிகாரி: பார்த்தீங்களாம்மா? ஒரு ரசிகராவது இருக்காரே.

குழந்தைக்காரி: நானும் ரசிகைதான் சார். இப்படி ஒரு ஆளோட குடும்பம் நடத்தற பொம்பளை குடுத்து வச்சவ. "அன்பானவளே, தயவுசெய்து கொஞ்சம் தண்ணீர் கொடு. நன்றி"ன்னுதானே வீட்லயும் பேசுவாரு?

மனைவி: டம்ளரைத் தட்டுவாரு.

குழந்தைக்காரி: என்னது?

மனைவி: இல்லை... ஒரு ஊகம்தான். குரலை வச்சுப் பிழைக்கறவரு, வீட்ல அதை வீணாக்குவாரா? தண்ணி வேணும்னா டம்ளரைத் தட்டுவாரு. சாப்பாடுன்னா தட்டைத் தட்டுவாரு. கோபம்னா கதவைச் சாத்துவாரு.

குழந்தைக்காரி: சந்தோஷம்னா?

மனைவி: அதுக்கு இன்னும் சத்தம் கண்டுபிடிக்கலை.

அதிகாரி: அந்தம்மாவாவது பேசுவாங்களா வீட்ல?

மனைவி: எங்க? அவர் குரலுக்கு ஓய்வு வேணும்னா வீட்ல சத்தமே கூடாதே. அந்தம்மா சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு மிக்சி ஓடும்போது ரெண்டு வார்த்தை பேசிக்குவாங்களா இருக்கும். குழாய்கிட்ட.

குழந்தைக்காரி: அக்கா, நீங்க சொல்றது நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு. பேசாம கதை எழுதலாம் நீங்க!

அதிகாரி: குரல் கரகரன்னு இருந்தாலும், பேச்சு நல்லா வருது இவங்களுக்கு.

மனைவி: உங்களை யாரு சார் கேட்டாங்க? கம்பியைப் பிடிங்க. வண்டி வளையுது.

அதிகாரி: பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்.

குழந்தைக்காரி: டேய்... டேய், காலை உதறாதேடா! மாமா மேல படுது பாரு. ஐயோ, ஷூ கழண்டுடுச்சு. அக்கா, அதைக் கொஞ்சம்... டேய், மப்ளரை விடுடா! வாயில வைக்காதே!

கணவர்: ஏய்! எடுறி கையை! பெத்துப் போட்டா போதுமா, பிடிச்சுக்கத் தெரியாது? சனியன், எச்சில் பண்ணி வச்சிருக்கு! உக்கார வேற இடமே கிடைக்கலையா உனக்கு? வந்து என் தலையிலயா விழணும்?

ஒலிபெருக்கி: அன்பான பயணிகளே! குழந்தைகள் நம் எதிர்காலம். அவர்களுடன் பயணம் செய்பவர்களிடம் தயவுசெய்து கனிவு காட்டுங்கள். நன்றி.

குழந்தைக்காரி: சார்... அந்தக் குரல்... மேலயும் அதே... கீழயும் அதே...

அதிகாரி: ஆமாம்மா. கீழ இருக்கறது அசல்.

குழந்தைக்காரி: அடப்பாவி! இவரா? இந்த மூஞ்சியில இருந்தா அந்த "அன்பான பயணிகளே" வருது? அந்தப் பக்கம் உக்காந்திருக்கற அண்ணே, கொஞ்சம் திரும்பிப் பாருங்க! எழுந்து நிற்பவரே உயர்ந்து நிற்பவராம்! நான் ஏறினதுல இருந்து இவரு எழுந்திருக்கவே இல்லை!

கணவர்: மெதுவா... மெதுவாப் பேசும்மா...

குழந்தைக்காரி: எதுக்கு மெதுவா? உங்களுக்கு மட்டும்தான் ஒலிபெருக்கியா? பாருங்க, எல்லாரும் போனைத் தூக்கிட்டாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க அந்த "சனியன்". இழுப்பு குடுத்துச் சொல்லுங்க, பதிஞ்சுக்கட்டும்!

அதிகாரி: தொண்டை தேவலையாயிடுச்சு போலிருக்கே? படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியலைன்னு கேள்விப்பட்டேன்.

கணவர்: க்ர்ர்ர்... சார்... டாக்டரைப் பார்க்க... க்ர்ர்ர்...

அதிகாரி: வேண்டாம், இப்ப எதுக்குக் கஷ்டப்படறீங்க? அம்மா குழந்தை ரெண்டு பேரையும் திட்டினப்போ சுத்தமா வந்துச்சே. ஒரு எழுத்து பிசகலை.

கணவர்: சார், உண்மையைச் சொல்லிடறேன். நான் எங்கயும் போகலை. சும்மா... காத்தாட...

அதிகாரி: பஸ் கம்பெனியிலயும் நல்ல காத்துதான்.

கணவர்: உங்களுக்கு எப்படி...

அதிகாரி: அங்க இருக்கறவர் எனக்கு நண்பர். "உங்க ஆள் குரல் காட்ட வர்றேன்னு சொல்லியிருக்காரு, ஆள் எப்படி?"ன்னு என்கிட்டதான் கேட்டாரு. நல்லவர்னு சொல்லி வச்சேன். இப்ப இந்தப் பெட்டியில இத்தனை போன்ல பதிஞ்சது அவர்கிட்ட போய்ச் சேராம இருந்தா, நான் சொன்னதை அவர் நம்புவாரு.

கணவர்: சார்! அப்படிச் சொல்லாதீங்க சார். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். இந்தக் குரலை விட்டா நான் யாரு சார்? என்னைத் தூக்கிட்டு எவளோ ஊர் பேர் தெரியாதவளைக் கொண்டாந்து வைக்கப் போறீங்க. அவளுக்கு மூச்சு எங்க விடணும், "தயவு"ல எங்க நிறுத்தணும்னு தெரியுமா?

அதிகாரி: தெரியுது. கேட்டுட்டேன்.

கணவர்: ஒரு வாய்ப்பு குடுங்க சார். பெரிய சந்திப்புலதானே ரெக்கார்டிங் அறை? இப்பவே உங்க கூட இறங்கி வர்றேன். இந்தக் குழந்தைகிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரியே ஒரு அறிவிப்பு பேசித் தர்றேன். கண்ணுல தண்ணி வந்துடும் கேக்கறவங்களுக்கு.

குழந்தைக்காரி: குழந்தை இங்கதான் இருக்கு. நேர்ல கேக்கலாமே?

கணவர்: நீ சும்மா இரும்மா! பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?

குழந்தைக்காரி: இதுதான் மன்னிப்பா? நல்லா இருக்கு.

ஒலிபெருக்கி: அன்பான பயணிகளே! அடுத்த நிறுத்தம், பெரிய சந்திப்பு. உங்கள் உடைமைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நன்றி.

அதிகாரி: சரி, ஸ்டேஷன் வந்தாச்சு. அம்மா, மன்னிச்சுக்கணும். ஏறின உடனேயே வணக்கம் சொல்லியிருக்கணும் நான். நீங்க வேணாம்னு கை காட்டினதால பேசாம நின்னுட்டேன். வாங்க, போகலாம்.

கணவர்: கையா? நான் எங்க சார் கை காட்டினேன்? நான்தான் கண்ணை மூடிட்டு இருந்தேனே.

அதிகாரி: உங்ககிட்ட சொல்லலை.

கணவர்: பின்ன?... இவளையா? இவளை எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?

அதிகாரி: தெரியாம என்ன? மாசா மாசம் உங்களுக்காகப் பேசினது இவங்கதானே. இத்தனை வருஷ வேலையில எவ்வளவோ பேர் என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க. இவ்வளவு மரியாதையாச் சொன்னது இவங்க ஒருத்தர்தான். பொய்னு தெரிஞ்சும், "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க"ன்னு நானே ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன்னா பார்த்துக்குங்க.

குழந்தைக்காரி: அக்கா! அந்தக் குடுத்து வச்ச பொம்பளை நீங்கதானா?

மனைவி: நான்தான்மா. குழந்தையோட ஷூ, இந்தா. இறுக்கி மாட்டு.

கணவர்: ஏய், எங்க போறே? தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்னே? என்னடி நடக்குது இங்க? வாயைத் திறந்து சொல்லு!

மனைவி: தங்கச்சி ஊர்லயே இல்லைங்க. காலையில இருந்து ஒருத்தியைத் திட்டிட்டே வந்தீங்களே, எவளோ ஒருத்தி, மைக்கைக் கண்டா நாக்கு ஒட்டிக்கிறவன்னு... அவ இவ்வளவு நேரமா உங்க பக்கத்துலதான் இருந்தா.